ரகரமும் துணைக்காலும்: எழுத்துருவின் பொறுப்பு

ஒரு மொழியின் எழுத்துகள் அனைத்தையும் ஒரே அளவிலும் ஒரே போக்கிலும் வரைந்தமைத்த வடிவத் தொகுதியே எழுத்துரு எனப்படுகிறது. அதன் அழகைப் பற்றிப் பேசுவோர் பலராயினும், ஒன்றையொன்று ஒத்த எழுத்துகளை அது ஐயமறப் பிரித்துக் காட்டுகிறதா என்று வினவுவோர் சிலரே. பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சேறிய வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வினாவின் கனம் நன்கு விளங்கும்.

ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடவில்லை; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டவில்லை; ரகரத்தையும், ஆகாரக் குறியாகிய துணைக்காலையும் ஒரே கோடாகவே கீறினர். இதன் விளைவை ஒரே எடுத்துக்காட்டில் காணலாம். ஒற்றைக்கொம்பு, ககரம், அதையடுத்து ஒரு கால் என்னும் மூன்று வடிவங்கள் ஏட்டில் நின்றால், அவற்றைக் கெர, கேர, கெர், கேர், கொ, கோ என ஆறு வகையாகப் படிக்க இடமுண்டு. எட்டுக்கால் விலங்காகிய சரபமும், வில்லையும் வசையையும் குறிக்கும் சாபமும் ஏட்டில் ஒரே தோற்றம் கொண்டவை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் அவர் காலத்துப் பதிப்பாசிரியர்களும், பொருளும் யாப்பும் துணையாக, எழுத்தெழுத்தாக இம்மயக்கத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பெரும்பகுதி, வடிவங்கள் தெளிவாக இருந்திருந்தால் தேவைப்பட்டிராது.

குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடுமாறு தொல்காப்பியம் விதித்திருந்தும் வழக்கு அதைக் கைவிட்டது. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) குறிலை அடையாளமின்றி விட்டு, நெடிலுக்குக் கீழ்க்கோடு, சுழி, இரட்டைக்கொம்பு ஆகியவற்றை அமைத்தார். அத்தீர்வு நிலைத்தது. ஆயினும் அக்கீழ்க்கோடும் சுழியும் கண்ணுக்குப் புலப்படும் அளவில் உள்ளனவா என்பதை ஒவ்வொரு தலைமுறை எழுத்துருவாளரும் புதிதாக முடிவு செய்ய வேண்டியுள்ளது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த அச்செழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்துச் சிறுத்தால் தாள் மிஞ்சும். ஆனால் சுழிகளின் உள்வெளி மையால் அடைபடும் இடரும் உடன் வரும்.

பழைய அச்சு மரபில் தனி ரகரத்துக்குச் சாய்ந்த கீழ்க்கோடு இருக்க, ர், ரி, ரீ ஆகியவற்றில் அது விடப்பட்டது. எனவே ரகர ஒற்று, புள்ளி ஏறிய துணைக்காலாகவே தோன்றும். இன்றும் சில எழுத்துருக்கள் இம்மரபைப் பின்பற்றுகின்றன. மரபுக்குரிய மதிப்பை மறுக்காமலேயே, இது தவிர்க்கத்தக்கது என்று கூறலாம். அச்சுப் பக்கத்தைப் படித்து உரையாக மாற்றும் கணினி நிரல்களும் ரகரத்தையும் காலையும் மாற்றிப் படிக்கின்றன.

ஔகாரத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களை வழங்கும் ஒருங்குறி முறையில் ஔ என்பது தனியெழுத்து. எனினும் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என எழுதுவோர் பலர். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே அளவில் வரையப்பட்ட எழுத்துருவில் இப்பிழை கண்ணில் படுவதில்லை. ஆனால் ‘ஔவை’ என்று தேடுவோர்க்கு அவ்வாறு தட்டப்பட்ட நூல் அகப்படாது. அப்பின்பகுதியைச் சிறிதாக வரைந்தால் தட்டச்சு செய்பவரே பிழையை உடனே காண்பார்.

பார்வைக் குறைவுடையோருக்காக அமெரிக்காவின் பிரெய்ல் நிறுவனம் 2019இல் வெளியிட்ட அட்கின்சன் எழுத்துரு, ஒத்த வடிவங்களை வேண்டுமென்றே வேறுபடுத்தி வரையப்பட்டது. அதற்காகச் சீர்மையைச் சிறிது விட்டுக்கொடுக்கவும் அது தயங்கவில்லை. தமிழுக்கும் அத்துணிவு வேண்டும். ஆதலின், புதிய எழுத்துரு அமைப்போரும் அதைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பகத்தாரும் சரபம்–சாபம், எடு–ஏடு, ஔவை–ஒளவை போன்ற இணைகளை மருந்துச் சீட்டின் அளவில், மட்டமான தாளில் அச்சிட்டு, முதியோரைப் படிக்கச் செய்து, தடுமாற்றம் காணும் வடிவங்களைத் திருத்திய பின்னரே வெளியிட வேண்டும்.