மறு அறிவித்தல் வரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் விளையாட்டுக்கு நேர்ந்த கதியைப் பற்றி இன்று பேசுமாறு செயலாளர் அண்ணன் என்னைப் பணித்தார். சமயச் சொற்பொழிவுகளையும் தமிழ் ஆராய்ச்சி உரைகளையும் கேட்டுப் பழகிய இந்த மேடையில், பந்தையும் ஓட்டத்தையும் பற்றி ஒரு மாணவன் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் இங்கே அமர்ந்திருக்கும் என் வயதினரில் அநேகர் அந்நாட்களில் ஏதோ ஒன்றை இழந்தவர்கள். அந்த இழப்பைச் சபையில் எடுத்துச் சொல்லாவிட்டால், அது எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பாக இருந்து மறைந்துபோகும்.

2020ஆம் ஆண்டு பிறந்தபோது எனக்கு வயது 17. பாதிரிமார் நிறுவிய பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கரப்பந்தாட்ட அணியில் அவ்வருடந்தான் எனக்கு இடம் கிடைத்தது. பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல், வெயில் தாழும்வரை வலையின் முன் நின்று குதித்துக்கொண்டிருப்போம். மார்ச் 13ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. நாங்கள் ஆடவிருந்த போட்டி பற்றி ஒரு கடிதம் வந்தது. ‘மறு அறிவித்தல் வரை பிற்போடப்பட்டுள்ளது’ என்பதே அதில் இருந்த செய்தி.

அந்த மறு அறிவித்தலை நாங்கள் நெடுநாள் எதிர்பார்த்திருந்தோம். இடையிலே பாடசாலைகள் திறக்கப்பட்டன. 2020 ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. நவம்பர் இறுதியில் நோய் நம் அயலுக்கே வந்து, அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. 2021 ஏப்ரல் முடிவில் பாடசாலைகளுக்கு மறுபடியும் பூட்டு விழுந்தது. ஒக்டோபர் 21ஆம் திகதிக்குப் பின்னரே அவை படிப்படியாகத் திறந்தன. 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை 2022 பெப்ரவரியில் எழுதிவிட்டு நாங்கள் பாடசாலையை விட்டு வெளியேறினோம். மறு அறிவித்தல் இன்றுவரை வரவில்லை. எனக்கென்று தைத்த அணிச் சட்டை வீட்டுப் பெட்டியில் மடித்தபடியே இருக்கின்றது.

உயிர் போகும் காலத்தில் உதைபந்தும் கரப்பந்தும் ஒரு பொருட்டா என்று பெரியோர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொற்றினால் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி இறுதிவரை நடைமுறையில் இருந்தது. நம் அயலூராகிய வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் கல்முனையிலும் வாழும் முஸ்லிம் சகோதரர்கள் தம் இறந்தோரை மார்க்க முறைப்படி அடக்க இயலாமல் பட்ட துயரை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தத் துயரோடு என் அணிச் சட்டையை ஒப்பிட்டால், நான் அறிவில்லாதவன் ஆவேன்.

அன்றியும், நோயைப் பாராமல் ஆடுவதால் வரும் கேட்டையும் நாம் அறிவோம். 2020 மார்ச் 12 முதல் 14 வரை கொழும்பிலே ரோயல் கல்லூரிக்கும் பரி. தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான 141ஆவது பெரும் துடுப்பாட்டப் போட்டி திரளான கூட்டத்தின் முன் நடைபெற்றது. பாடசாலைகளை மூடும் உத்தரவு பிறந்த அதே நாட்கள் அவை! ஆட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்த ஒருவருக்கு நோய் கண்டிருப்பது பின்னர் தெரியவந்தபோது, மைதானத்தில் இருந்தோர் எல்லோருடைய வீடுகளிலும் கலக்கம் புகுந்தது. ஆகவே ஆட்டத்தை நிறுத்தியது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்திய விதத்தைப் பற்றியே பேச வந்தேன்.

நிற்க. உலகத்தார் இதனை எவ்வாறு நடத்தினர் என்று சிறிது பார்ப்போம்.

இங்கிலாந்தின் விம்பிள்டன் டென்னிசுப் போட்டி 2020 ஜூன் 29ஆம் திகதி தொடங்கவிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதங்கள் முன்னதாகவே, ஏப்ரல் முதலாந் திகதி, இவ்வருடம் ஆட்டம் இல்லை என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அப்போட்டி நின்றது அதுவே முதல் தடவை. ஆடவிருந்த 620 வீரர்களுக்கு ஒரு கோடிப் பவுணைப் பகிர்ந்தும் கொடுத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கை மார்ச் 24ஆம் திகதி பிற்போட்டவர்கள், ஆறு நாளில் புதிய திகதியையும் சொன்னார்கள். 2021 ஜூலை 23 என்று அன்று சொன்னபடியே அது தொடங்கியது. ஒன்று ‘இல்லை’ என்ற பதில். மற்றது ‘இன்ன நாளில்’ என்ற பதில். இரண்டில் எதைக் கேட்டாலும் ஒரு வீரன் தன் மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அமெரிக்காவிலே பல்கலைக்கழக விளையாட்டென்பது பெருந் திருவிழா. அங்கே ‘பிக் டென்’ என்னும் பல்கலைக்கழகக் கூட்டணி, 2020 ஓகஸ்ட் 11ஆம் திகதி, இலையுதிர் காலத்தில் உதைபந்தாட்டம் இல்லை என்றது. அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்பது நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம் என்பதை நினைவிற் கொள்க. செப்டெம்பர் 16ஆம் திகதி அதே கூட்டணி, ஆட்டம் உண்டு என்றது. ஒக்டோபரில் ஆடத் தொடங்கினார்கள். அதன்பின்னும் அணிகளில் நோய் கண்டு பல ஆட்டங்கள் கைவிடப்பட்டன. வீட்டுக்குப் போவதா, பயிற்சியில் நிற்பதா என்று தெரியாமல் மாணவர்கள் தத்தளித்தார்கள். செல்வம் நிறைந்த நாட்டிலும் இதுதான் நடந்தது.

ஆனால் அவர்களிடம் நாம் கற்கவேண்டிய நல்ல பாடமும் ஒன்றுண்டு. 2020 மார்ச் 12ஆம் திகதி வசந்த காலப் போட்டிகளை நிறுத்திய அந்நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம், அதே மாதம் 30ஆம் திகதி, அப்பருவத்தை இழந்த வீரர்கள் இன்னுமொரு வருடம் ஆடலாம் என்று விதி செய்தது. இழந்தது உங்கள் குற்றமன்று, ஆகவே உங்கள் கணக்கில் அதை எழுதமாட்டோம் என்பதே அதன் கருத்து.

இந்தியாவிலும் நாம் கவனிக்கத்தக்க காரியம் ஒன்று நடந்தது. மாநிலங்களுக்கிடையிலான ரஞ்சிக் கிண்ணப் போட்டி 87 ஆண்டுகளில் முதன்முறையாக 2020-21 பருவத்தில் நடைபெறவில்லை. நான்கு நாள் ஆட்டத்துக்குக் காலம் போதாது என்று கண்டவர்கள், மாநிலச் சங்கங்களின் எண்ணத்தையும் கேட்டு, ஒரே நாளில் முடியும் விஜய் ஹசாரே கிண்ணப் போட்டியை நடத்தினார்கள். அதற்கு முன்னரே இருபது ஓவர்ப் போட்டி நடந்தேறி, 2021 ஜனவரி 31ஆம் திகதி தமிழ்நாடு அணி பரோடாவை வென்று கிண்ணம் பெற்றது. பெரியது முடியாதபோது சிறியதையாவது செய்தார்கள். இந்தியப் பல்கலைக்கழக மாணவருக்கான கேலோ இந்தியா விளையாட்டோ, 2020இல் புவனேசுவரத்தில் முதன்முதலாக நடந்தபின், இரண்டாம் முறையாக 2022 ஏப்ரலிலேதான் பெங்களூரில் கூடியது. இடையில் பட்டம் பெற்று வெளியேறியவர்கள் அந்த வாய்ப்பை இழந்தவர்களே.

பெரியோர்களே! இவ்வளவு தூரம் போய் நியாயம் தேடவேண்டியதில்லை. நம் வயலிலேயே அது இருக்கின்றது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் இம்மாவட்டத்தில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுவதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவேண்டியவர்கள். அரசாங்க அதிகாரிகளும் நீர்ப்பாசனப் பகுதியினரும் விவசாயிகளும் ஒருங்கே அமர்கின்றனர். குளத்தில் நீர் எவ்வளவு என்று முதலில் சொல்லப்படுகின்றது. எந்தத் திகதியில் நீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, எந்தத் திகதியோடு நீரை நிறுத்துவது என்று முடிவாகின்றது. நீர் குறைவாயின் எந்தக் கண்டத்தில் எத்தனை ஏக்கர் செய்வதென்றும் பேசித் தீர்க்கின்றனர். மழை பெய்யுமா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாத மழையை வைத்துக்கொண்டே தெரிந்த திகதிகளை அவர்கள் குறிக்கின்றார்கள். ‘மறு அறிவித்தல் வரை விதைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோனால், எந்த விவசாயி பொறுத்திருப்பான்? விதைநெல் வீட்டில் கிடந்து முளைக்கும் திறனை இழந்துவிடுமல்லவா?

மாணவனுடைய விளையாட்டுப் பருவமும் அத்தகையதே. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணி, இருபது வயதுக்குட்பட்டோர் அணி என்று நாங்கள் வயதினாலே வகுக்கப்பட்டிருக்கின்றோம். ஒரு வருடம் போனால் அந்தப் பிரிவு போயிற்று. பின்னர் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. வரிப்பத்தான்சேனையில் எனக்கு ஒரு நண்பன் இருக்கின்றான். நெடுந்தூர ஓட்டக்காரன். ஊரடங்கு தளர்ந்த காலையெல்லாம் குளக்கட்டிலே தனியே ஓடினான். எந்த நாளுக்காக ஓடுகின்றாய் என்று ஒருமுறை கேட்டேன். “நாள் தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி ஓடுவன் மச்சான். நாள் தெரியாம ஓடுறதுதான் களைப்பு” என்றான். அவனுடைய வயதுப் பிரிவு கடந்தபின்னரே போட்டிகள் மீண்டன.

இந்த மாகாணத்துக்குப் பருவம் தவறுவது புதிதன்று என்பதையும் நான் மறக்கவில்லை. இங்கிருக்கும் அண்ணன்மாரும் மாமாமாரும் விளையாட வேண்டிய வயதிலே யுத்தம் இருந்தது. மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களைக் கூடைப்பந்தாட்டத்தில் வல்லவராக்கிய அமெரிக்கக் குரு ஈயுஜின் ஹேபேட் அடிகளார், 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். ஆட்டத்தோடு ஆசானையும் இழந்த காலம் அது. 2004 டிசம்பர் 26இல் கடலே வந்து கல்முனைக் கரையின் ஊர்களை அழித்தது. 2022இல், தொற்று ஓய்ந்தது என்று நாம் மூச்சுவிட்டபோது, எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. உங்கள் பருவங்களை உங்களுக்கு ஒருவரும் திருப்பித் தரவில்லை. அதனாலேதான் எங்கள் குறையை உங்களிடம் துணிந்து சொல்கின்றேன். ‘நாங்கள் இழக்கவில்லையா, நீங்களும் பொறுங்கள்’ என்று சொல்லமாட்டீர்கள் என்ற நம்பிக்கை எனக்குண்டு.

முடிவாக மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, இனி நோயோ வெள்ளமோ பஞ்சமோ எது வந்தாலும், மாணவர் விளையாட்டுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் போன்றதொரு கூட்டம் வேண்டும். அதிபர்களும் சுகாதார அதிகாரிகளும் பயிற்றுநர்களும் மாணவர் சிலரும் அதில் இருக்கட்டும். இன்ன நிலை இருந்தால் ஆடுவோம், இன்ன நிலை வந்தால் ஆடோம், இன்ன திகதிக்குள் முடிவு சொல்வோம் என்று எழுதி ஒட்டுங்கள். ‘இல்லை’ என்று வேளையோடு சொன்னால் நாங்கள் அழுதுவிட்டுப் படிக்கப் போவோம்.

இரண்டாவது, பருவம் முழுவதும் நின்றுபோனால் அந்த ஒரு வருடத்தை வயதுக் கணக்கில் சேர்க்காதிருக்க இப்பொழுதே விதி செய்யவேண்டும். ஆபத்து வந்தபின் விதி தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை தேடுவது போலாகும். அணிக்குத் தெரிவாகியும் ஆட முடியாதவர்களின் பெயர்களைப் பாடசாலைப் பலகையில் எழுதுவதற்கோ செலவில்லை.

மூன்றாவது வேண்டுகோள் நம் சங்கத்துக்கே உரியது. பெரும்போகம் பிழைத்தால் சிறுபோகமாவது செய்வது நம் வழக்கம். மாகாணப் போட்டி, தேசியப் போட்டி என்பன நம் கையில் இல்லை. அறுவடை முடிந்த வயலில் நாலு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஒருநாள் ஆட்டம் நடத்துவது நம் கையில் இருக்கின்றது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்து ஆடட்டும். பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டமும் இருக்கட்டும். குளக்கட்டில் ஓடிய என் நண்பன் இப்பொழுது சிறுவர்களை ஓடப் பழக்குகின்றான். அவனை நடுவராக அழைக்கலாம் என்று செயலாளர் அண்ணனிடம் கேட்டிருக்கின்றேன்.

பெரியோர்களே! இந்த ஆட்டத்துக்கு ஒரு திகதியை மட்டும் இன்று இச்சபையிலேயே குறித்துத் தாருங்கள். மழை வந்தால் மறுநாளைக்கு மாற்றலாம். அந்த மறுநாளையும் சேர்த்தே குறித்துத் தாருங்கள்.