விசித்திர உலோகம்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



தலைவரவர்கள் என்னைப்பற்றிச் சொன்ன புகழ்ச்சியில் பாதிக்குமேல் எனக்குப் பொருந்தாது. நான் காலேஜ் படி ஏறினவனல்ல. மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் பதினைந்து வருஷம் இருந்தவன். படித்ததெல்லாம் வாசகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலுந்தான். அப்படிப்பட்ட நான், பெரிய விஞ்ஞானிகளே இன்னும் முடிவு காணாத ஒரு சங்கதியைப்பற்றிப் பேச வந்திருப்பதற்குக் காரணம் என்னவென்றால், இதே இடத்தில் 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நான் உங்களிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போனேன். அந்தக் கடனைத் தீர்க்கவே வந்திருக்கிறேன்.

அன்று நான் சொன்னது சிலருக்கு ஞாபகமிருக்கலாம். தென் கொரியாவில் ஈயமும் தாமிரமும் பாஸ்பரசும் பிராணவாயுவும் சேர்ந்த ஒரு பொருளைச் செய்துவிட்டார்கள், அதன் பெயர் எல்.கே. 99, அதற்குள் மின்சாரம் எள்ளளவும் தடையில்லாமல் ஓடும், ஐஸும் வேண்டாம் அழுத்தமும் வேண்டாம், 127 டிகிரி சூட்டில்கூட ஓடும், இனி கம்பியில் ஒரு யூனிட்டும் வீணாகாது என்றெல்லாம் முழங்கினேன். நீங்களும் கைதட்டினீர்கள். எனக்கிருந்த ஆதாரமோ, கைப்பேசியில் பார்த்த ஒரு படந்தான். காந்தத்தின்மேல் ஒரு கருப்புத் துண்டு பாதி தூக்கிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். விபூதி வரவழைக்கிற சாமியாரைப் பார்த்து ஜனங்கள் வாய் பிளப்பதற்கும் அன்று நான் வாய் பிளந்ததற்கும் என்ன வித்தியாசம்? (சிரிப்பு) நீங்கள் சிரிப்பது நியாயந்தான்.

பத்து நாள் கழித்து, கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பள்ளிக்கூட மாணவி கடிதம் எழுதியிருந்தாள். “ஐயா, வேறு யாராவது அதைச் செய்து பார்த்தார்களா என்று நீங்கள் விசாரித்தீர்களா?” என்ற ஒரே கேள்விதான். நான் விசாரிக்கவில்லை. பிறகுதான் விசாரித்தேன். ஜூலை கடைசியில் வந்த அந்தச் செய்தியைப் பல தேசங்களிலும், டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையிலுங்கூட உடனே செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அது சித்திக்கவில்லை. 104 டிகிரி சுமாரில் அதன் தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம், அதில் கலந்திருந்த தாமிர கந்தகம் என்ற அழுக்கு. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்தில் அழுக்கில்லாமல் அதே பொருளைச் செய்து பார்த்தபோது, அது மின்சாரத்தையே விடாத பொருளாக இருந்தது. மூன்று நான்கு வாரத்தில் கதை முடிந்தது.

இது நிற்க. இதற்காக நான் படிக்க உட்கார்ந்தபோது, அந்தப் பொய்யைவிட ஆச்சரியமான ஓர் உண்மை கண்ணில் பட்டது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

மேஜைமேல் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பும் ஒரு மீட்டரும் வைத்திருக்கிறேன். பல்பு எரியாமல் குளிர்ந்திருக்கும்போது அளந்தால் அதன் தடை சுமார் 40 ஓம். 230 வோல்ட்டில் அது 100 வாட் எரியவேண்டுமானால், கணக்குப்படி 530 ஓம் சுமார் இருக்கவேண்டும். ஆகவே சூடேறினவுடன் தடை சுமார் பதின்மூன்று பங்காகிவிடுகிறது. காயில் சுற்றுகிறவன் எவனும் இதை அறிவான். ஏன் ஏறுகிறது? உலோகத்திலுள்ள அணுக்கள் சூட்டினால் இருந்த இடத்திலேயே நடுங்குகின்றன. ஓடுகிற எலெக்ட்ரான்கள் அந்த நடுக்கத்தில் இடறுகின்றன. குளிரக் குளிர நடுக்கம் அடங்கும், தடையும் குறையும். முழுதும் குளிர்ந்தால் என்ன ஆகும்? எலெக்ட்ரான்களும் உறைந்துபோய் மின்சாரமே ஓடாது என்று நினைத்தவர் கெல்வின் பிரபு. சாதாரண ஆளல்ல, சூட்டை எண்ணும் கணக்கே அவர் பெயரால் வழங்குகிறது. 1911-ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தில் காமர்லிங் ஓனஸ் என்பவர் பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழ் 269 டிகிரிவரை குளிர வைத்துப் பார்த்தார். தடை குறையவுமில்லை, ஏறவுமில்லை, அடியோடு மறைந்தேபோயிற்று. பிரபுவின் வாக்கு தராசில் நிற்கவில்லை. இப்படித் தடை மறைந்த பொருளைத்தான் பள்ளிப் புத்தகங்களில் மீக்கடத்தி என்று எழுதியிருக்கிறார்கள்.

அது ஏன் மறைகிறதென்று 1957-ல் அமெரிக்காவில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்கிற மூவர் காரணம் சொன்னார்கள். எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஓடுவதால் இடறுவதில்லை என்பது அதன் சாரம். அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பாதரசத்தில் 4 டிகிரியில் ஆரம்பித்தது, 62 வருஷம் பாடுபட்டும் 1973-ல் 23 டிகிரிக்குத்தான் ஏறிற்று. (நான் இனிச் சொல்லும் டிகிரியெல்லாம் கெல்வின் கணக்கு, பூஜ்யத்துக்குக் கீழ் 273-லிருந்து எண்ணுவது.) 30-க்குமேல் போகவே போகாது என்று பலர் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

அப்பொழுது சுவிட்சர்லாந்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பெட்நோர்ஸ், ம்யுல்லர் என்ற இருவர், உலோகத்தை விட்டுவிட்டுப் பீங்கான் வகைப் பொருளைத் தேடிப் போனார்கள். பீங்கானை நாம் எதற்கு உபயோகிக்கிறோம்? மின்சாரத்தைத் தடுக்க! மின்கம்பத்தில் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் இருப்பது அதுதானே? அவர்கள் லாந்தனமும் பேரியமும் தாமிரமும் பிராணவாயுவும் சேர்ந்த ஒரு பொருளில் 35 டிகிரி சுமாரில் தடை விழுவதைக் கண்டு 1986-ல் கட்டுரை எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பு ‘இருக்கக்கூடும்’ என்ற பொருளுள்ள சொல்லுடன் ஆரம்பிக்கிறது. எல்.கே. 99 கட்டுரையின் தலைப்போ ‘முதலாவது’ என்று ஆரம்பிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகத்தோடு எழுதினவர்களைத் தோக்கியோவிலும் ஹூஸ்டனிலும் பரீட்சித்துப் பார்த்து மெய் என்றார்கள். மறுவருஷமே இட்ரியம் சேர்த்த பொருளில் 93 டிகிரி வந்துவிட்டது. அதற்கு, கம்பெனிகளில் மலிவாகக் கிடைக்கும் திரவ நைட்ரஜனின் குளிரே போதும். 1987 மார்ச்சில் நியூயார்க்கில் இதைப்பற்றிக் கூடிய பௌதிகக்காரர்களின் கூட்டம் விடியற்காலை மூன்று மணிக்கு மேலும் நடந்ததாம். நம் கூட்டம் பதினொரு மணிக்கு முடியவில்லையென்று கோபித்துக்கொள்ளுகிறவர்கள் கவனிக்கவும்.

ஆனால் தோழர்களே! நான் சொல்ல வந்த விசித்திரம் அந்தத் தடையற்ற நிலையில் இல்லை. அதற்கு மேலே, தடை இருக்கிற நிலையில் இருக்கிறது.

இந்தத் தாமிரப் பொருள்களைச் சற்றுச் சூடாக்கினால் மீக்கடத்தித் தன்மை போய், சாதாரண உலோகம்போல் ஆகவேண்டும். ஆகவில்லை. தடையை அளந்து கோடுபோட்ட காகிதத்தில் குறித்தால் ஒரே நேர்கோடாக வருகிறது. உஷ்ணம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கிறது. இதிலென்ன அதிசயம், வீட்டுச் சூட்டில் தாமிரக் கம்பியும் ஏறக்குறைய நேர்கோடுதானே என்று பட்டறைக்காரர் யாராவது கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாமிரக் கம்பியில், அணு நடுக்கம் அடங்குகிற குளிரில் அந்தக் கோடு வளைந்து படுத்துவிடும். நடுக்கம் அடங்கிய பிறகு எலெக்ட்ரான் ஒன்றோடொன்று மோதுவதாலாகும் தடை மிச்சமிருக்கும். அது உஷ்ணம் இரட்டித்தால் நான்கு மடங்காகும் என்பது ருஷியாவின் லாந்தாவ் முதலியோர் வகுத்த கணக்கு. இங்கேயோ, பிஸ்மத் சேர்ந்த ஒரு தாமிரப் பொருளை 1990-ல் அளந்தார்கள். 7 டிகிரியிலிருந்து 700 டிகிரிவரை நேர்கோடு! வேறு சில பொருள்களில் பலமான காந்தத்தை வைத்து மீக்கடத்தித் தன்மையையே கெடுத்துவிட்டு இன்னும் கீழே போய்ப் பார்த்தார்கள். அங்கும் கோடு வளையவில்லை.

மேலே போனாலும் சங்கடந்தான். சூடு ஏற ஏற எலெக்ட்ரான் இடறாமல் ஓடும் தூரம் குறையும். அது ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் உள்ள தூரத்துக்கு வந்துவிட்டால் அதற்குமேல் தடை ஏறக்கூடாது. பல உலோகங்களில் அப்படியே நின்றுவிடுகிறது. இந்தப் பொருள்கள் அந்த எல்லையைத் தாண்டியும் அதே கோட்டில் ஏறிக்கொண்டே போகின்றன. ஒருவன் தன் பாதத்தின் நீளம்கூட நடப்பதற்குள் இரண்டு தரம் இடறி விழுந்தான் என்று சொன்னால், அவன் நடந்தான் என்பதற்கு என்ன அர்த்தம்? ஆகவே, தனித்தனி எலெக்ட்ரான்கள் ஓடி இடறுகின்றன என்ற படமே இங்கு சரிதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. இதனால்தான் விசித்திர உலோகம் என்று பெயர் வைத்தார்கள்.

கணக்குப் போட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. ஓர் இடறலுக்கும் அடுத்த இடறலுக்கும் நடுவே உள்ள காலம், பிளாங்க் என்பவர் கண்ட இயற்கை எண்ணையும் உஷ்ணத்தையும் மட்டும் வைத்துப் போடும் ஒரு கணக்கோடு ஏறக்குறைய ஒத்திருக்கிறது. நம் வீட்டுச் சூட்டில் அந்தக் காலம் ஒரு விநாடியை நாற்பது லட்சம் கோடி பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. தாமிரம் எவ்வளவு, பிஸ்மத் எவ்வளவு என்பதைப்பற்றி அதற்கு அக்கறையே இல்லாததுபோல் இருக்கிறது. இது ஏன்?

இதற்குப் பதில் சொன்னவர்கள் சாமானியர்களல்ல. நோபல் பரிசு பெற்ற ஆண்டர்சன் 1987-லேயே ஒரு வழி சொன்னார். அந்த வேலையில் அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த கணபதி பாஸ்கரன். 1989-ல் வர்மாவும் அவரது கூட்டாளிகளும் வேறு வழி சொன்னார்கள். 2023-ல் படேல், சச்தேவ் முதலியோர் இன்னொரு வழி சொன்னார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட வழி என்று ஒன்றும் இன்னும் இல்லை. நோபல் பரிசு பெற்றவர் சொன்னார் என்பதற்காக யாரும் மற்றக் கணக்கைக் கிழித்துப் போடவில்லை. சின்னவர் சொன்னார் என்பதற்காக யாரும் காதைப் பொத்திக்கொள்ளவுமில்லை.

அதே 2023 நவம்பரில் அமெரிக்காவில் ரைஸ் சர்வகலாசாலைக்காரர்கள் ஒரு பரீட்சை வெளியிட்டார்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் தனித்தனித் துளியாக விழுவதால் படபடவென்று சத்தம் வரும். அதே தண்ணீர் ஒரே ஒழுக்காக வழிந்தால் அந்தப் படபடப்பு இருக்காது. மின்சாரத்துக்கும் இப்படி ஒரு சத்தம் உண்டு, அதை அளக்கலாம். இட்டெர்பியம், ரோடியம், சிலிக்கான் சேர்ந்த ஒரு விசித்திர உலோகத்தில் (இது தாமிரப் பொருளல்ல, அதைப்போல் நடக்கும் வேறொன்று) தலைமயிரைவிட எத்தனையோ பங்கு மெல்லிய கம்பி செய்து அளந்தார்கள். சாதாரண உலோகக் கம்பியில் வரவேண்டிய சத்தத்தைவிடக் குறைவாகவே வந்தது. அணு நடுக்கத்தால் அப்படி ஆயிற்றா என்றும் சோதித்து, அதனால் அல்ல என்று கண்டார்கள். அப்படியானால் மின்சாரம் அங்கே துளித்துளியாகப் போகவில்லையோ என்று கேட்கிறார்கள். நான் இன்று பார்த்தவரை கேள்வி அந்த அளவில்தான் நிற்கிறது.

போன மாதம் வேறோர் ஊரில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, “பார்த்தாயா தம்பி, உன் விஞ்ஞானத்துக்கே தெரியாதது இருக்கிறது, அதைத்தான் நாங்கள் கடவுள் என்கிறோம்” என்றார். நான் அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்: “சரி ஐயா, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். அந்தக் கடவுள் 700 டிகிரிக்குமேல் கோட்டை வளைப்பாரா, நேராக விடுவாரா? முன்கூட்டிச் சொல்லுங்கள், அளந்து பார்க்கலாம்.” அவர் அதெல்லாம் தெரியாது என்றார். ஆண்டர்சனும் வர்மாவும் சச்தேவும் அப்படி முன்கூட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது. தப்பினால் ஊர் சிரிக்கும்படி தப்பவேண்டியிருக்கிறது. அதில் அவர்களுக்கும் பெரியவருக்கும் வித்தியாசம்; 2023 ஆகஸ்டில் அவர்களுக்கும் எனக்கும்கூட அதே வித்தியாசம் இருந்தது.

எனக்குக் கடிதம் எழுதின அந்தப் பெண் இப்போது காலேஜில் பௌதிகம் படிக்கிறாளாம். இன்று வந்திருக்கிறாளா என்று தெரியவில்லை. வந்திருந்தால், நான் சொன்ன எண்களில் பிழையிருந்தால் இப்போதே எழுந்து சொல்லிவிடட்டும். இன்னொரு தரம் பஸ் ஏறி வர எனக்கு முடியாது. கேள்விச் சீட்டுகள் நான்கு வந்திருப்பதாகத் தலைவரவர்கள் சொல்லுகிறார்கள். மீட்டரைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள். பல்பு இப்போது ஆறித்தான் இருக்கிறது. நான் சீட்டுகளை வாசிக்கிறேன்.