மூன்று எண்ணெய் நெருக்கடிகள் கற்பிப்பது என்ன?

(புதுதில்லியில் பொருளியல் மாணவரிடையே ஆற்றிய உரை)



எண்ணெய் விலை ஏறியது என்ற செய்தி வந்ததும் நம் மனத்தில் எழுவது பஸ் கட்டணமும் காய்கறி விலையும்தான். அது இயல்பே. ஆனால் ஒரு நாட்டின் நிதிப் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்நியச் செலாவணிக் கையிருப்பைத்தான். கச்சா எண்ணெய்க்குப் பெரும்பாலும் டாலரில்தான் விலை கொடுக்க வேண்டும். அந்த டாலரை ஏற்றுமதியால் ஈட்டலாம். வெளிநாடுகளில் உழைக்கும் நம்மவர் அனுப்பும் பணத்தால் பெறலாம். இல்லையேல் கடன் வாங்க வேண்டும். இவற்றுள் எதை மிகுதியாக நம்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தே நெருக்கடியின் கடுமை அமைகிறது.

முதல் இரு அதிர்ச்சிகள்

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. அமெரிக்கா முதலிய சில நாடுகளுக்கு அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த விலை 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. செல்வ நாடுகளில் மந்தமும் பணவீக்கமும் ஒருசேரத் தோன்றின. நம் நாட்டிலோ, 1974-75இல் மொத்த விலைக் குறியீட்டெண் சராசரியாகச் சுமார் 25 சதவீதம் உயர்ந்தது. வறட்சியால் ஏற்கெனவே உயர்ந்திருந்த விலைகளின்மேல் எண்ணெயும் சேர்ந்துகொண்டது.

1979இல் ஈரானியப் புரட்சியும், 1980இல் ஈரான்-இராக் போரும் விலையை 30 டாலருக்கு மேல் கொண்டு சென்றன. 1980-81இல் நமது ஏற்றுமதி வருவாய் முழுவதும் சுமார் 6,700 கோடி ரூபாய்; எண்ணெய் இறக்குமதிக்கு மட்டும் சுமார் 5,260 கோடி ரூபாய் செலவாயிற்று. 1981இல் பன்னாட்டு நிதியத்திடம் 500 கோடி எஸ்.டி.ஆர். கடன் பெற ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆனால் 390 கோடி பெற்றதோடு நிறுத்தி, எஞ்சியது வேண்டாமென்று 1984இல் கூறிவிட்டோம்.

இது எவ்வாறு இயன்றது? 1974 பிப்ரவரியில் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. 1980-81இல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி 1984-85இல் 2.9 கோடி டன்னை எட்டியது. விலையேற்றத்தால் செழித்த வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்ற நம் தொழிலாளர் அனுப்பிய பணமும் கைகொடுத்தது. எண்ணெய்க்காக வெளியே சென்ற டாலரில் ஒரு பகுதி அவர்களுடைய உழைப்பின் வழியே திரும்பி வந்தது.

சிறிய அதிர்ச்சி, பெரிய அடி

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் இராக் குவைத்தை ஆக்கிரமித்தது. விலை சில வாரங்களில் இருமடங்காகி 40 டாலர் அளவைத் தொட்டது. 1991 ஜனவரியில் போர் தொடங்கியதும் சரிந்துவிட்டது. மூன்று அதிர்ச்சிகளில் மிகக் குறுகியது இதுவே. எனினும் நம்மை நிலைகுலையச் செய்ததும் இதுவே.

காரணம் எண்ணெயில் மட்டும் இல்லை. 1986இல் விலை சரிந்தபின் வந்தவை மலிவான ஆண்டுகள். அவ்வாண்டுகளில் நுகர்வு வளர்ந்தது, பற்றாக்குறை பெருகியது, குறுகிய காலக் கடன்கள் குவிந்தன. அந்நிலையில் நமக்கு முக்கியமாக எண்ணெய் வழங்கிய இராக், குவைத் இரண்டுமே போர்க்களமாயின. 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானங்களில் அழைத்துவர நேர்ந்தது. அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. வெளிநாடு வாழ் இந்தியர் பலர் தங்கள் வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்றனர். புதுக் கடன் தருவார் இல்லை. கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்கே போதுமானதாயிற்று. 1991 மே மாதம் 20 டன் தங்கம் திரும்பப் பெறும் உரிமையுடன் விற்கப்பட்டது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் அடகு வைக்கப்பட்டது. ரூபாயின் மதிப்பும் அம்மாதமே குறைக்கப்பட்டது.

பொருளாதார நெருக்கடி ஆட்சியையே மாற்றக்கூடும் என்பதற்கு அண்டை நாடான இலங்கை சான்று. அங்கே கடன் சுமையும் வருவாய் இழப்பும் முன்பே செலாவணியைக் கரைத்திருந்தன. 2022இல் உக்ரைன் போரால் எண்ணெய் விலை 120 டாலரைத் தாண்டியபோது, கப்பலில் வந்த எரிபொருளுக்கும் பணம் செலுத்த வழியில்லை. மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். அதே விலையை நாமும் சந்தித்தோம், தாங்கிக்கொண்டோம். வேறுபாடு கையிருப்பில் இருந்தது.

மலிவுக் காலத்தின் கடமை

நமது எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதியாகிறது. விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அதைத் தாங்கும் ஆற்றலை வளர்த்துக்கொள்வது நம் கையில் உள்ளது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறைக் குகைகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சேமிக்கும் கிடங்குகள் உள்ளன. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலக விலை வீழ்ந்தபோது அவை மலிவாக நிரப்பப்பட்டன. அது சரியான வழி. ஆனால் அவற்றின் முழுக் கொள்ளளவும் நாட்டின் ஒன்பது அல்லது பத்து நாள் தேவைக்குத்தான் ஈடாகும். கிடங்குகளைப் பெருக்குவதும், ரயில் மின்மயத்தையும் பொதுப் போக்குவரத்தையும் வளர்ப்பதும் அமைதியான ஆண்டுகளில் செய்ய வேண்டிய பணிகள்.

எண்ணெய் விலை குறைந்த செய்தி வரும்போது மகிழ்வதில் தவறில்லை. அப்போது மிஞ்சும் பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்ற கணக்கையும் மக்கள் கேட்க வேண்டும். 1991இல் அடகுக்குச் சென்ற தங்கம், அதற்கு முந்தைய மலிவான ஆண்டுகளில் யாரும் கேட்காமல் விட்ட கணக்கின் விலை.