கலாசாலையில் வியாசப் பயிற்சி

(திண்டிவனத்திற் கூடிய நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நமது வித்தியா நிதியிலிருந்து உதவி பெறும் பிள்ளைகளைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். உதவித் தொகையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். யான் எடுத்துக்கொண்ட விஷயம் பலரும் பொருட்படுத்தாதது. அஃதாவது, கலாசாலைகளில் எல்லா மாணாக்கர்க்கும் பொதுவாய் அமைந்த பாஷைப் பாடங்களும், அவற்றுள் அடங்கிய வியாசப் பயிற்சியுமாம்.

நம்மூர்த் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி முதலிய கல்லூரிகளில், இரசாயனம் படிப்பவனாயினும் வணிகம் படிப்பவளாயினும், பெரும்பாலோர் முதற்பகுதியாகத் தமிழையும் இரண்டாம் பகுதியாக ஆங்கிலத்தையும் கற்கின்றனர். கற்கும் விதம் யாவரும் அறிந்ததே. பரீட்சைக்குப் பத்து நாள் முன்னர் வினா-விடைப் புத்தகம் ஒன்றை வாங்கி, அதிலுள்ள வியாசங்களை நெட்டுருப் பண்ணி, விடைத்தாளிற் கொட்டிவிட்டு வருகின்றனர். பெற்றோராகிய நாமும், "மொழிப் பாடந்தானே" என்று விட்டுவிடுகின்றோம். யானும் அவ்வாறு விட்டவனே.

அதன் பயனை என் வீட்டிலேயே கண்டேன். எங்கள் கிராமத்து நிலத்திற்குப் பட்டா மாற்ற வேண்டியிருந்தது. இரசாயனத்திற் பட்டம் பெற்ற என் தம்பி மகனை விண்ணப்பம் எழுதச் சொன்னேன். வெள்ளைத் தாளை முன்வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்; "பெறுநர்" வரையில் எழுதினான்; மேலே ஓடவில்லை. மறுநாள் இருவரும் ஒரு கச்சேரி வாயிலில், மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவரிடம் சென்றோம். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் எழுதிக்கொடுத்ததைப் படித்துப் பாராமலே கையொப்பமிட்டேன். கீழண்டைப் புலத்தின் எண் பிசகியிருந்தது. அதைத் திருத்த ஒன்றரை வருஷம் அலைந்தோம். அவரை நோவானேன்? நாளெல்லாம் ஊராருக்கு எழுதுகிறவர். எங்கள் நிலம் எங்களுக்கன்றோ தெரியும்! தெரிந்ததை முறைப்படச் சொல்லப் பட்டதாரிக்கு இயலாமற் போனதே குறை.

வியாசம் என்பது அலங்கார வார்த்தைகளை அடுக்குதலன்று. எது முன், எது பின், எது வேண்டாதது, எதற்கு ஆதாரம் உண்டு என்று தன் மனத்தையே விசாரணை செய்தலாம். அமெரிக்காவின் ஹார்வர்டு கலாசாலையில் 1885 முதலே முதலாண்டு மாணாக்கர்க்கு இப்பயிற்சி தனிப் பாடமாயிற்று. நம் நாட்டில், 1902-ஐ ஒட்டிச் சென்னைச் சர்வகலாசாலைப் பாடத்திட்டத்தினின்று தமிழை எடுத்துவிட யோசனை எழுந்தபோது, கிறிஸ்தவக் கலாசாலைத் தமிழாசிரியர் சூரியநாராயண சாஸ்திரியாரும் பூரணலிங்கம் பிள்ளையவர்களும் அதனை எதிர்த்து நின்றனர். அவ்வாறு போராடிக் காத்த பாடத்தையே நம் பிள்ளைகள் பத்து நாளில் முடிக்கின்றனர்.

எழுதத் தெரிந்தவன் ஒருவனால் ஒரு சமூகம் அடையும் நன்மையை அறிய வெகுதூரம் போகவேண்டுவதில்லை. நமக்கு வடக்கே மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1893-இல் தம் சமூகத்தார்க்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீண்ட விண்ணப்பமொன்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்குப் போகச் செய்தார். கையொப்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவற்றின் மேலே நிற்கும் வாசகத்தை யாரேனும் ஒருவர் அமைத்தே ஆகவேண்டும்.

விஞ்ஞானம் படிப்பவனுக்கு இது எதற்கு என்பாருமுண்டு. நம்மூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான மணிலா, எள் வகைகள், டி.எம்.வி. என்று இவ்வூரின் பெயரெழுத்துக்களைத் தாங்கியவை. விதையை எவ்வளவு ஆழத்தில், எந்தப் பருவத்தில் ஊன்றுவது என்பதை உழவனுக்கு விளங்கும்படி எழுதாவிடில், நல்ல விதையும் பாழாம்.

உத்தியோகத்தை நாடுவோர்க்கும் ஒன்று சொல்வேன். 2021 டிசம்பரிற் பிறந்த அரசாணைப்படி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாயிற்று. அதில் நூற்றுக்கு 40 பெறாதவரின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதில்லை.

கேட்டதை நொடியில் எழுதித்தரும் இயந்திரம் வந்துவிட்டதே என்று பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கின்றார். அதுவும் மரத்தடி மேசையே, தம்பி! உங்கள் கீழண்டைப் புலத்தின் எண் அதற்கு எங்ஙனம் தெரியும்? அது எழுதியதிற் பிழை உண்டா என்று பார்க்கவும் எழுதத் தெரிந்தவன் வேண்டுமே.

ஆதலின் சபையார் முன் ஒரு பிரேரணையை வைக்கின்றேன். நிதியுதவி பெறும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஆறு மாதத்திற்கு ஒரு வியாசம் தாமே எழுதித் தரவேண்டும். தேசபக்தி, காலத்தின் அருமை என்னும் பழைய தலைப்புக்கள் வேண்டா. தம் ஊர் ஏரி ஏன் நிரம்புவதில்லை, மரக்காணத்து உப்பளத்தில் உப்பு விளைவது எப்படி, பாட்டனார் செய்த தொழில் யாது என்பவை போதும். வியாசத்தைத் திருத்தித் திருப்பியனுப்ப வேண்டும். பிள்ளைகள் மீண்டும் எழுதவேண்டும். இந்த இரண்டாம் முறை எழுதுதலிலேதான் பயிற்சி முழுதும் இருக்கிறது. நல்லவை நம் சஞ்சிகையில் வெளிவரட்டும்.

திருத்தும் பணிக்கு ஓய்வு பெற்ற உபாத்தியாயர் இருவர் இசைந்துள்ளனர். ஆங்கில வியாசங்களுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். கூட்டம் கலையுமுன் பெயர் கொடுப்பாராக. முதல் வியாசங்கள் தைப் பொங்கலுக்குள் காரியாலயம் வந்து சேரவேண்டும்.