தேயிலையும் மூளையும்

அட்டனிலும் நுவரெலியாவிலும் பனிமூட்டம் கலையுமுன்பே லயங்களில் அடுப்பு எரிகின்றது. கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய்மார் முதலில் அருந்துவது ஒரு குவளைச் சாயத்தண்ணீர். குளிருக்கும் களைப்புக்கும் அது துணை என்பதை மலையகத்தார் தலைமுறை தலைமுறையாக அறிவர். அதே சாயத்தண்ணீர் முதுமையில் மூளைக்கும் காவலாகுமா என்பது விஞ்ஞானிகள் இன்று ஆராயும் வினா.

இவ்வினாவுக்குக் காரணம் கொழுந்தில் உள்ள தியானின் என்னும் அமினோ அமிலம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட காலத்தில் அதனை எவரும் அறிந்திலர். 1949இல்தான் ஜப்பானிய அறிஞர் சகாட்டோ பச்சைத் தேயிலையில் அதனைக் கண்டறிந்தார்.

அமினோ அமிலங்கள் பல, செங்கற்கள்போல அடுக்கப்பட்டுப் புரதங்களாகின்றன. தியானினோ எப்புரதத்திலும் சேராமல் தனித்தே நிற்பது. செடியின் வேரிலே தோன்றி, தண்டின் வழியே ஏறி, இளங்கொழுந்தில் தங்குகின்றது. வெயில் மிகுந்தால் அதன் ஒரு பகுதி துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். அதனாலேயே ஜப்பானியர் தமது உயர்ந்த தேயிலைக்குப் பறிக்குமுன் சில வாரங்கள் பந்தலிட்டு நிழல் தருகின்றனர்.

மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மூளையின் நரம்புக் கலங்கள் குளுட்டமேட் என்னும் பொருளைத் தூதாக விடுத்தே ஒன்றோடொன்று பேசுகின்றன. அளவோடு நின்றால் அது நினைவுக்கு உதவும். அளவு மிஞ்சினால் கலங்களுக்குள் கல்சியம் வெள்ளமெனப் புகுந்து அவற்றை மாய்க்கும். அல்சைமர் முதலிய நோய்களிலும் இக்கேட்டுக்குப் பங்குண்டு எனக் கருதப்படுகின்றது.

தியானின் உருவில் குளுட்டமேட்டை ஒத்தது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் வல்லது. பூட்டினுள் நுழைந்தும் அதனைத் திறவாத சாவிபோல, அது குளுட்டமேட்டின் வாயில்களை ஓரளவு அடைக்கக்கூடும். குளுட்டமேட் உண்டாவதற்கு வேண்டிய மூலப்பொருள் கலங்களுக்குள் செல்வதையும் அது குறைக்கும் என்பர்.

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர் பாலைவனத்துச் சிற்றெலிகளின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்துப் பார்த்தனர். முன்னதாகத் தியானின் செலுத்தப்பெற்ற எலிகளில், நினைவுக்குரிய பகுதியின் கலங்கள் கூடுதலாகப் பிழைத்தன.

இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் அந்த எலிகளுக்குத் தியானின் நேரே மூளைக்குள் செலுத்தப்பட்டது. கோப்பையில் ஊற்றித் தரப்படவில்லை. ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பது பெரும்பாலும் சில பத்து மில்லிகிராமே. மனிதரிடம் செய்யும் சோதனைகளிலோ 200 மில்லிகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். அவ்வாறு கொடுத்தும், அது மறதிநோயைத் தடுக்கும் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

ஆகவே சாயத்தண்ணீர் மருந்தன்று. விருப்போடு அருந்தும் பானம். நாற்பது ஆண்டு நடந்த மலைப்பாதையிலே ஒரு முதியவர் தம் லயத்துக்கு வழி தெரியாது திகைத்து நின்றால், அதனை வயதின் இயல்பென்று விட்டுவிடலாகாது. அவருக்குக் குளிருக்கு இதமாக ஒரு குவளை தேநீர் கொடுக்கலாம். ஆனால் அடுத்து அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலையே.