கழிவுநீரும் கரியும்

சொந்த ஊரை விட்டுப் பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நம்மில் பலர் இன்று அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்கிறோம். கிணறும் கொல்லையும் நம்மோடு வரவில்லை. நாம் குளித்த நீரும், துணி துவைத்த நீரும், கழிப்பறை நீரும் எங்கே செல்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. பெங்களூரின் பெரிய குடியிருப்புகள் பலவற்றில் அந்நீர் வெகுதூரம் செல்வதில்லை. வளாகத்துக்குள்ளேயே அதனைத் தூய்மை செய்யும் நிலையம் ஒன்று இயங்குகிறது. தூய்மை பெற்ற நீர் மீண்டும் மேலேறி நம் கழிப்பறைக்கே வருகிறது, தோட்டத்துக்கும் பாய்கிறது. அந்நிலையத்தில் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட இரண்டு உருளைகள் அருகருகே நிற்பதைக் காணலாம். முதலாவதில் இருப்பது மணல். இரண்டாவதில் இருப்பது கரி. அந்த இரண்டாம் உருளையைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம்.

கரி நீரைத் தூய்மை செய்யும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. கூழாங்கல், மணல், கரி ஆகியவற்றை இட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீரை வடிகட்டும் முறையை நாம் அறிவோம். கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆயினும் இவ்விரண்டும் செய்யும் வேலை ஒன்றன்று. தேற்றாங்கொட்டை, நீரில் மிதக்கும் மண் துகள்களைத் திரளச் செய்து அடியில் படிய வைக்கிறது. நீரில் கரைந்துவிட்ட சாயத்தை அது விடுவிக்க இயலாது. கரைந்ததைப் பிடிப்பதிலேதான் கரியின் சிறப்பு இருக்கிறது.

இதனை விஞ்ஞான முறையில் முதன்முதலாகக் கண்டவர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த தோபியாஸ் லோவிட்ஸ் என்னும் இரசாயன அறிஞர். 1785-ஆம் ஆண்டில், பழுப்பேறிய தார்த்தாரிக் அமிலக் கரைசலில் கரித்தூளைச் சேர்த்தபோது நிறம் மறைந்ததை அவர் கண்டார். பின்னர்ச் சர்க்கரை ஆலைகள் பாகை வெளுக்கக் கரியைக் கைக்கொண்டன.

கரி அழுக்கை உறிஞ்சுகிறது என்று வாய்வழக்காகச் சொல்கிறோம். பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதன்று இது. கரியின் உள்ளே, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. நீரோடு ஒட்டி உறவாட விரும்பாத சாய மூலக்கூறுகளும், நாற்றம் தரும் பொருள்களும், பூச்சிமருந்தின் எச்சங்களும், சோப்புப் பொடியின் நுரைப்பொருள்களும் அத்துளைகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். பெயருக்கு ஏற்ப, பரப்பு மிகுந்தால் கவர்ச்சியும் மிகும். சாதாரணக் கரியை 800 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வைத்து நீராவியைச் செலுத்தினால் புதிய துளைகள் பிறக்கின்றன. அதுவே கிளர்வூட்டிய கரி. அதில் ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் ஆகும். உள்ளங்கையில் அடங்கும் நான்கு கிராம் கரியில் ஓர் ஏக்கர் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றால் நம்புவது கடினமே.

அத்தகைய கரிக்குச் சிறந்த மூலப்பொருள்களில் ஒன்று கொட்டாங்கச்சி. காங்கேயம் வட்டாரத்தில் கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்குவது பெருந்தொழில். கிணறு நம்மோடு வரவில்லை என்றோம். தென்னை வந்திருக்கிறது போலும்!

இனி, கரியால் இயலாததையும் கூற வேண்டும். உப்பை அது பிடிப்பதில்லை. உப்புநீர் கரியின் வழியே சென்றாலும் உப்புநீராகவே வெளிவரும். கிருமிகளைக் கொல்வதும் அதன் வேலையன்று. நெடுநாள் நீரில் கிடந்த கரியின்மேல் கிருமிகள் குடியேறவும் கூடும். ஆகையால் குளோரினோ புற ஊதாக் கதிரோ கரிக்குப் பின்னரே வரவேண்டும். குளோரினை முன்னால் இட்டால் கரி அதனை அழித்துவிடும். சேறு கலந்த நீரையும் கரிக்கு அனுப்பலாகாது. துளைகளின் வாய் அடைபட்டுவிடும். மணல் உருளை முன்னே நிற்பதன் காரணம் இதுவே.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது மற்றொன்று. சுவரில் இடம் உள்ளவரைதான் கரி வேலை செய்யும். இடம் தீர்ந்தபின் நீர் அதன் வழியே வந்தபடியே செல்லும். உருளை அதே உருளை. மோட்டார் அதே ஓசை. மின்கட்டணமும் அதே தொகை. கரி தீர்ந்ததை வெளியிலிருந்து காண முடியாது. காவலில் இருப்பவர் நாள்தோறும் எதிர்த்திசையில் நீரைச் செலுத்திக் கழுவுகிறாரே என்று சிலர் கேட்கலாம். அக்கழுவல் இடையில் சிக்கிய சேற்றை நீக்குமேயன்றி, துளைக்குள் ஒட்டிய மூலக்கூறுகளை அசைக்காது. கரியை மாற்ற வேண்டும். அல்லது உலைக்கு அனுப்பி மீண்டும் சுட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வண்ணப்பூச்சைப் பற்றியும் வாகன நிறுத்தத்தைப் பற்றியும் நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். கரி கடைசியாக மாற்றப்பட்ட நாள் யாது என்று கேட்போர் எத்தனை பேர்? புதிய கரி வாங்கும்போது அதன் அயோடின் எண்ணையும் கேட்கலாம். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைக் கவர்கிறது என்பதே அந்த எண். நல்ல கொட்டாங்கச்சிக் கரிக்கு அது 900 முதல் 1,100 வரை இருக்கும்.

இஃது அற்பக் கேள்வியன்று. கழிப்பறைக்கு வரும் நீர் நாறினால் குடியிருப்போர் முகம் சுளிப்பர். நல்ல நீரைத் திறந்து விடும்படி கூறுவர். லாரி நீர் வரும். 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன. தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. சரிவரத் தூய்மை பெறாத நீர் மறுபுறம் ஏரிக்குப் போகிறது. பெல்லந்தூர் ஏரியில் வெண்ணுரை மலைபோல் எழுந்ததையும், 2015, 2017, 2018 ஆண்டுகளில் நீர்நிலையில் தீப்பற்றியதையும் நாடே கண்டது. அந்நுரையில் நம் வீட்டுச் சலவைப் பொடிக்கும் பங்கு உண்டு.

முறையாகப் பேணினால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டுத் தலைநகரான வின்டூக் சான்று. பாலைக்கு அண்மையில் உள்ள அந்நகரம் 1968-ஆம் ஆண்டு முதல் கழிவுநீரைத் தூய்மை செய்து குடிநீராகவே வழங்கி வருகிறது. அங்கே கரி தனித்து நிற்கவில்லை. ஓசோன் முதலிய பல கட்டங்களுக்கு இடையே ஒரு கட்டமாக அமைந்திருக்கிறது. நீர் இடையறாது சோதிக்கவும் படுகிறது.

கிளர்வூட்டிய கரி விலை உயர்ந்தது. சிறு சாயப்பட்டறையோ, மின்முலாம் பூசும் பட்டறையோ அதனை அடிக்கடி மாற்றுவது எளிதன்று. ஆதலால் விஞ்ஞானிகளின் கவனம் இப்போது உயிர்க்கரியின்மேல் சென்றிருக்கிறது. பயோசார் என்பதும் இதுவே. வைக்கோல், உமி, மரத்தூள் போன்றவற்றைக் காற்று மிகக் குறைந்த கலத்தில் இட்டு, ஏறத்தாழ 350 முதல் 700 பாகை வரை சூடேற்றிப் பெறுவது. ஐப்பசி, கார்த்திகையில் தில்லியில் வாழும் நம்மவரின் கண்ணைக் கரிக்கும் புகையில் ஒரு பகுதி, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயலில் எரிக்கப்படும் வைக்கோலிலிருந்து வருவதாகும். அதே வைக்கோல் கரியானால் புகையும் குறையும். நீர் வடிக்கும் பொருளும் கிடைக்கும்.

உயிர்க்கரியின் உட்பரப்பு பொதுவாகச் சிறியது. ஆனால் அதன் மேற்பரப்பில் உள்ள ஆக்சிஜன் கூட்டுகளும் சாம்பலில் உள்ள தாதுக்களும் ஈயம், செம்பு, காட்மியம் போன்ற உலோகங்களைப் பற்றிக்கொள்கின்றன. ஆர்சனிக் அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை. அதற்கு இரும்புச் சேர்மத்தைக் கரியின்மேல் பூச வேண்டியிருக்கிறது. வைக்கோலுக்கு வைக்கோல், சூட்டுக்குச் சூடு கரியின் குணம் மாறுவதால், ஓரிடத்தில் வெற்றி பெற்ற கரியை மற்றோரிடத்தில் சோதியாமல் நம்புவதற்கில்லை.

பயன்பட்டுத் தீர்ந்த கரியை என்ன செய்வது என்பதும் அது எதைப் பிடித்தது என்பதைப் பொறுத்ததே. வீட்டுக் கழிவுநீரின் அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் மட்டும் தாங்கிய உயிர்க்கரி, சோதனைக்குப் பின் வயலுக்கு உரமாகலாம். ஈயத்தையோ காட்மியத்தையோ பிடித்த கரி வயலுக்குப் போகலாகாது. அதனை நச்சுக் கழிவாகவே கருதி, அதற்கென அமைந்த பாதுகாப்பான கிடங்கில் சேர்க்க வேண்டும்.