தொலைவில் ஒரு நண்பர்

வேலை முடிந்து வந்து, குளித்து, தேநீர் அருந்திவிட்டு வானொலியின் அருகே அமர்ந்திருக்கும் பெற்றோர்களோடும், பக்கத்தில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் பிள்ளைகளோடும் இன்று ஒரு செய்தியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தொலைவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு நம் அன்றாட வாழ்க்கையை எழுதி வந்தால், அதுவே சிறந்த மொழிப் பயிற்சியாகும் என்பதுதான் அச்செய்தி.

தொலைவில் இருந்தபடியே நட்புக் கொள்வது தமிழர்களுக்குப் புதிதன்று. உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் நேரில் பாராமலேயே நண்பர்களாக இருந்ததைப் புறநானூற்றால் அறிகிறோம். நம் பகுதியிலும் இதற்குச் சான்று உண்டு. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ், 1950களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை வெளியிட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அதில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். காகிதத்தில் பிறந்த அந்த உறவு வளர்ந்து, பின்னர் பல ஊர்களில் மணிமன்றங்களாக உருவெடுத்தது. அஞ்சல்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பேனா நண்பர்கள் நம் பெற்றோர் காலத்தில் பலர் இருந்தார்கள். இன்று அஞ்சல்காரரின் வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. வழி மாறியிருக்கிறது; பயன் மாறவில்லை.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கிள்ளானுக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்காக எடுக்கப்பட்டபோது சில குடும்பங்கள் வெளியேறின. நான்காம் ஆண்டில் ஒரே மேசையில் அமர்ந்து படித்த இரண்டு சிறுமிகள் அப்போது பிரிந்தார்கள். ஒருத்தி லயத்திலேயே இருந்தாள். மற்றவள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய், தேசியப்பள்ளியில் சேர்ந்தாள்.

ஆறு மாதம் சென்றது. நகரத்துப் பிள்ளைக்கு மலாய்மொழி சரளமாக வந்துவிட்டது. தமிழ் எழுத்தோ நழுவத் தொடங்கிவிட்டது. தோட்டத்துப் பிள்ளை தமிழை அழகாக எழுதுவாள்; மலாயில் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தலை கவிழ்ந்துவிடும். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பாடம் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார நேருமோ என்று அவள் தாயார் கவலைப்பட்டார். மலாய் போதாமையால் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, மனம் சோர்ந்து படிப்பையே விட்ட பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே அந்தக் கவலை வீண் கவலையன்று.

எனவே இருவருக்கும் ஓர் ஏற்பாடு செய்தோம். வாரம் ஒருமுறை, தந்தையின் கைத்தொலைபேசியில் புலனத்தின் வழியாகத் தோட்டத்துப் பிள்ளை ஐந்து வரி மலாயில் எழுதவேண்டும். நகரத்துப் பிள்ளை ஐந்து வரி தமிழில் எழுதவேண்டும். பெரிய பொருள் எதுவும் வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டாய், தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடி பூத்ததா, பூப்பந்து ஆட்டத்தில் யார் வென்றார்கள், இவை போதும். தனக்கு விருப்பமானதைச் சொல்லும்போது பிள்ளைக்குச் சொல் தானாகத் தேவைப்படுகிறது. தேவைப்பட்டுத் தேடிய சொல் மறப்பதில்லை.

இங்கே நாங்கள் ஒரு தவறு செய்தோம். தோட்டத்துப் பிள்ளை எழுதிய முதல் மலாய்க் கடிதத்தை வாங்கி, சிவப்பு மையால் வரிக்கு வரி திருத்திக் கொடுத்தோம். மூன்று வாரம் அவள் ஒன்றுமே எழுதவில்லை. செம்பனைக் காட்டில் வேலை முடித்து நேரே பள்ளிக்கு வந்த அவள் தாயார் சொன்னார்: "ஐயா, தப்பா எழுதுறான்னு திருத்துனீங்க, சரி. இப்ப எழுதுறதையே நிறுத்திட்டா. இனி எதைத் திருத்தப் போறீங்க?"

பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடத்தை அந்த அம்மாள் ஒரே கேள்வியில் நினைவூட்டினார். அன்றுமுதல் வழியை மாற்றினோம். நண்பரே திருத்தவேண்டும்; ஒரு கடிதத்தில் ஒரே ஒரு பிழையைத்தான் திருத்தவேண்டும். நகரத்துப் பிள்ளை, "பள்ளிக்குப் போகும் வலி நீளமானது" என்று எழுதியிருந்தாள். "வலி என்றால் நோவு, நீ நடப்பது வழி" என்று தோழி பதில் எழுதினாள். இருவரும் சிரித்தார்கள். அந்த ழகரம் பிறகு பிழைக்கவில்லை.

உச்சரிப்புக்குக் குரல் பதிவு உதவுகிறது. மலாயில் காலைப் பொழுதைக் குறிப்பது 'பாகி'. கொடு என்பதற்கும் தமிழ் எழுத்தில் 'பாகி' என்றுதான் எழுத முடியும். ஆனால் முன்னது 'பள்ளி' என்பதில் வரும் பகர ஒலி. பின்னது 'அம்பு' என்பதில் வரும் பகர ஒலி. நம் எழுத்து ஒன்று, அவர்கள் ஒலி இரண்டு. இதைக் கண்ணால் படித்து அறிய முடியாது. தோழியின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பழகவேண்டும்.

மலாய்மொழியைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதுமில்லை. நம் கடை அங்கே கெடாய், கப்பல், காப்பால், கட்டில், காத்தில், பெட்டி, பெத்தி, வணிகத்துக்குப் போடும் முதல், மோடால். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் சொற்கள் கடல் கடந்து அம்மொழியில் குடியேறிவிட்டன. வாக்கிய அமைப்பில் மட்டும் கவனம் வேண்டும். நான் சோறு சாப்பிடுகிறேன் என்று நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். சாயா மாக்கான் நாசி என்று அவர்கள் வினையை நடுவில் வைக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை யாருடன் எழுதுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். உறவினர், பழைய வகுப்புத் தோழர், ஆசிரியர் அறிந்த வேற்றூர்ப் பிள்ளை ஆகியோரோடு எழுதுவது நல்லது. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வங்கி விவரம் ஆகியவற்றை எவருக்கும் அனுப்பக்கூடாது. முகமறியாத ஒருவர் படமோ பணமோ கேட்டாலும், "வீட்டில் சொல்லாதே" என்றாலும் உடனே உங்களிடம் வந்து சொல்லும்படி பழக்குங்கள். சொல்ல வரும் பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை மறைத்துவிடும்.

சென்ற பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளையும் தாயாரும் கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தார்கள். வழி தெரியவில்லை. தாயார் தயங்கி நிற்க, மகள் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் சென்று மலாயில் வழி கேட்டாள். ஒரு சொல் பிழையாகத்தான் இருந்ததாம். பெரியவருக்குப் புரிந்தது, கை காட்டி அனுப்பினார். அங்கே தோழி, கடைகளின் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைத் தன் தம்பிக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் இதையெல்லாம் எங்களிடம் சொன்னவர் அந்தத் தாயார்தான்.

நேயர்களே, இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளையோ கைத்தொலைபேசியையோ கொடுத்து, தொலைவில் இருக்கும் நண்பருக்கு இன்றைய பொழுதைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். முதலில் எழுதட்டும்.